தேசவழமைத் தொகுப்பின் வரலாறு

யாழ்ப்பாணத் தமிழரிடை வழங்கிவரும் தேசவழமை என்னும் சட்டத்தொகுப்பைத் தமிழ் பயில்வோர் பெரும்பாலும் தமக்குரிய பொருளாகக் கொள்வதில்லை. வழக்கறிஞர்க்கே உரிய நூலென அதனை ஒதுக்கிவிடுகின்றனர். அது முதற்கண் ஒல்லாந்த மொழியில் எழுதப்பெற்றமையும் இவ்வொதுக்கத்துக்கு ஒரு காரணம் ஆகலாம். ஆயினும், எழுத்தில் ஏறாது மக்கள் நாவிலும் நடையிலும் நிலவிய தமிழ் வழக்குகளை ஓர் அரசு தேடித் திரட்டிய வரலாறு, அத்தமிழ் வழக்குகளை ஆராய்வார்க்கும் உரியதே என்பது எம் கருத்து.

யாழ்ப்பாணம் 1658ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. நிலம், சீதனம், கடன் பற்றிய வழக்குகள் அவர்தம் மன்றங்களுக்கு வந்தன. நீதி வழங்க அமர்ந்தவர் அயல்நாட்டார். வழக்காடியவரோ தம் முன்னோர் வழக்கே முறை என்றனர். அவ்வழக்கு யாது என்று எடுத்துப் பார்க்க ஏடு ஒன்றும் மன்றத்தில் இல்லை. இந்நிலையில் இலங்கையின் ஒல்லாந்த ஆளுநராயிருந்த கொர்னேலிசு யோவான் சைமன்சு, யாழ்ப்பாணத்துத் திசாவையாகிய கிளாசு ஐசாக்சு என்பாரை அவ்வழக்குகளைத் தொகுத்துத் தருமாறு 1706இல் பணித்தார். ஐசாக்சு தம் தொகுப்பை 1707ஆம் ஆண்டு சனவரித் திங்களில் முடித்தளித்தார். பிற்காலச் சட்டவாசகம் இதனை 1706ஆம் ஆண்டுத் தொகுப்பு என வழங்குவது கட்டளை பிறந்த ஆண்டு கருதியென்க.

தொகுத்த முறை கருதத்தக்கது. ஐசாக்சு ஏட்டுச் சுவடி எதனையும் சான்றாகக் காட்டினாரல்லர். முப்பத்தேழு ஆண்டு அந்நாட்டில் வாழ்ந்து பெற்ற பட்டறிவே அவர் காட்டும் சான்று. அவர் எழுதியது பின்னர் யான் பைரசு என்பவரால் தமிழாக்கப்பெற்றுப் பன்னிரு முதலியார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் அதனை ஆராய்ந்து, தம் நாட்டு வழக்கோடு ஒத்துளதென உறுதி கூறினர். அதன்பின்னரே அது நீதிமன்றங்களுக்கு அனுப்பப்பெற்றது. தமிழர் வழக்கு ஒல்லாந்த மொழி புகுந்து, மீண்டும் தமிழாகித் தமிழர்முன் ஒப்புதலுக்கு வந்தது என்பது நாம் மனங்கொள்ளற்பாலது. சட்டத்துக்கு உட்படுவோர் அதனைத் தம் மொழியில் காணல் வேண்டும் என்னும் உணர்வு, குறுகிய அளவிலேனும், அக்காலத்து இருந்தமைக்கு இது சான்று.

குறுகிய அளவு என்றமைக்குக் காரணம் உண்டு. முதலியார்கள் அரசின் பதவி தாங்கிய தலைவர்கள், நிலமுடையோர். தொகுப்பின் ஒரு பகுதி 'சிறை' எனப்பட்ட அடிமைகளைப் பற்றியது. அச்சிறைகளுள் ஒருவரும் உசாவப்பட்டிலர். சீதனம் பற்றி விரிவாகக் கூறும் இந்நூலுக்கு ஒப்புதல் அளித்தாருள் பெண் ஒருத்தியும் இல்லை. ஆதலின், நாட்டு வழக்கு என இந்நூல் கூறுவதனை நாட்டார் அனைவரும் ஒருப்பட்டுக் கூறியதாகக் கொள்ளுதல் பொருந்தாது. அடிமைமுறை இலங்கையில் 1844இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது அப்பகுதி வலிவிழந்தது. எனினும் வரலாற்று மாணவர் அதனைப் படியாது விடலாகாது. ஒரு சமுதாயம் தன்னைப் பற்றி மறைக்க நாணாது எழுதுவித்த பகுதி அது.

இனி, நூலின் உள்ளீட்டில் எம்மைப் பெரிதும் ஈர்ப்பது சொத்துரிமைப் பகுதியாகும். கணவன்வழி வந்த சொத்து முதுசொம். மனைவி கொணர்ந்தது சீதனம். மணவாழ்வில் இருவரும் ஈட்டியது தேடியதேட்டம். பண்டைநாளில் தந்தையின் முதுசொம் மைந்தர்க்கும், தாயின் சீதனம் மகளிர்க்கும் சேர, தேடியதேட்டம் இருபாலார்க்கும் ஒப்பப் பகிரப்பட்டது என்று தொகுப்பு கூறுகின்றது. இஃது ஒரு சீரிய ஒழுங்கு. ஆனால் ஐசாக்சு இவ்வளவில் நின்றாரல்லர். போர்த்துக்கேயர் காலத்தில், பிலிப்பு மசுக்கரேனாசு ஆட்சி செய்த நாளில், இவ்வழக்குகள் சிறிது சிறிதாகத் திரிந்தன என்றும், தம் காலத்தே மகட்குச் சீதனம் கொடுக்குங்கால் மூவகைச் சொத்திலிருந்தும் வேறுபாடின்றி எடுத்துக் கொடுக்கின்றனர் என்றும் அவர் எழுதுகின்றார். இதற்கு அவர் காட்டும் கரி முதுமை மிக்க முதலியார்களின் கூற்று. பழைய வழக்கும் அதன் திரிபும் ஒருங்கே பதியப்பட்டமையால் இத்தொகுப்பு சட்டநூலாதலோடு அமையாது, வழக்கு மாறிய வரலாறும் ஆகின்றது. மாறாத தொல்வழக்கு எனத் தேசவழமையைப் போற்றுவார் இப்பகுதியை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று.

நிலவிற்பனை பற்றிய செய்தியும் இத்தகையதே. நிலத்தை விற்க விழைவோன் தன் உரிமைச் சுற்றத்தார்க்கும் பங்காளர்க்கும் முன்னறிவித்தல் பழைய வழக்கு. ஒல்லாந்தர் காலத்தில் அது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் அறிவித்தலாக மாறிற்று. ஈண்டுக் கோயில் என்றது கிறித்தவத் திருச்சபையை. ஊரறியச் சொல்லும் பழைய நோக்கம் நிலைபெற, சொல்லும் இடம் மட்டும் ஆள்வோர் சமயத்தைச் சார்ந்தது. இத்தகைய முற்கொள்ளும் உரிமை பின்னர் 1947இல் தனிச் சட்டமாகவே இயற்றப்பட்டது.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்டனர். 1806ஆம் ஆண்டின் பதினெட்டாம் ஒழுங்குவிதி, சைமன்சு பணிப்பால் திரட்டப்பட்ட தேசவழமை முழுவலிவுடன் நிலவும் என விதித்தது. அதுகாறும் நீதிபதிகட்கு வழிகாட்டியாயிருந்த தொகுப்பு இவ்விதியால் ஐயத்துக்கிடமற்ற சட்டமாயிற்று. அவ்விதி தமிழரை 'மலபார்' மக்கள் என்றே குறித்தது. அக்காலத்து ஐரோப்பியர் வழக்கு அது. அச்சொல்லும், யாழ்ப்பாண மாகாணத்து வாழ்நர் என்னும் தொடரும் யாரைக் குறிக்கும் என்பது பிற்காலத்து வழக்கு மன்றங்களில் நெடிது வாதிக்கப்பட்டது.

மன்றங்களில் எடுத்தாளப்பட்டது ஆங்கில மொழிபெயர்ப்பே. முதுசொம் முதலிய தமிழ்ச் சொற்கள் ஒல்லாந்தர் செவி வழியும் ஆங்கிலேயர் எழுத்து வழியும் உருமாறிப் பலவாறாக எழுதப்பட்டன. எச். எப். முத்துக்கிருட்டிணர் 1862இல் கொழும்பில் வெளியிட்ட புதிய பதிப்பு, தேசவழமையோடு அதுபற்றிய நீதிமன்றத் தீர்ப்புகளையும் ஒருங்கு சேர்த்துத் தந்தது. மூலவாசகத்தைத் தீர்ப்புகளோடு ஒப்புநோக்கும் வாய்ப்பு இவ்வச்சு நூலால் ஆங்கிலம் அறிந்தார்க்கு வாய்த்தது. ஆங்கிலம் அறியாதார்க்கு அவ்வாய்ப்பு இல்லை. தம் பாட்டனார் வழக்கையே வேற்றுமொழி வல்லுநரிடம் கேட்டறிய வேண்டிய நிலை அவர்க்கு நேர்ந்தது.

1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, வழியுரிமைச் சட்டம் பழந்தொகுப்பின் பல பகுதிகளை மாற்றியமைத்தது. 1947இல் அச்சட்டமும் திருத்தப்பெற்று, தேடியதேட்டத்துக்குப் புதிய வரையறை வகுக்கப்பட்டது. மூன்று சொல்லாலான பழைய பாகுபாட்டுள் சட்டமன்றம் மீண்டும் பொருள் தேடவேண்டி வந்தது இச்சொல் ஒன்றற்கே. 'தேடு' என்னும் வினையும் அதனின்று பிறந்த பெயரும் அடுத்து நின்று இயன்ற தொடர் அது. கணவன் தேடியதா, மனைவி தேடியதா, இருவரும் தேடியதா என்பதனை அத்தொடர் தன்னளவில் உரைப்பதில்லை.