பாலக்காட்டுத் தோற்பாவைக்கூத்து: கம்பன் செய்யுளும் வாய்மொழி உரையும்

0. முன்னுரை

தமிழகத்தில் தோற்பாவைக்கூத்து நிகழ்த்துவோருள் பெரும்பாலோரின் வீட்டுமொழி மராத்தி. அவர்கள் கூத்தைத் தமிழில் நிகழ்த்துகின்றனர். பாலக்காட்டுப் பகுதியில் நிலைமை வேறு வகையானது. இங்கு மலையாளம் வழங்கும் ஊர்களில், பகவதி கோயில்களின் வழிபாட்டுக் கூறாகக் கம்பராமாயணச் செய்யுட்கள் தமிழிலேயே பாடப்பட்டு வருகின்றன. இம்மரபின் வளர்ச்சியையும், அது கோயிலிலிருந்து பொதுமேடைக்கு வந்தபோது அதன் மொழியமைப்பில் நேர்ந்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. களமும் பின்னணியும்

பாலக்காட்டுக் கணவாய் கோயம்புத்தூர்ப் பகுதியையும் பாரதப்புழைச் சமவெளியையும் இணைக்கும் பழைய வழி. இவ்வழியே வணிகரும் நெசவாளரும் புலவரும் சென்றுவந்தனர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1957-இல் தனி மாவட்டமாயிற்று.

மலையாள இராமாயணத்தின் ஆசிரியராகிய எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாகக் கூறப்படும் சிற்றூரும் இம்மாவட்டத்திலேயே உள்ளது. செல்வாக்குமிக்க அந்நூல் அருகிலிருந்தும், கூத்து கம்பனையே பற்றி நின்றது. சடங்கிற்குரிய மொழி எளிதில் மாற்றப்படுவதில்லை என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். தாரிகனோடு போரிட்டுக்கொண்டிருந்ததால் இராவண வதத்தைக் காணும் வாய்ப்பைப் பத்திரகாளி இழந்தாள் என்றும், அவள் காண்பதற்காகவே கூத்து நிகழ்த்தப்படுகிறது என்றும் தொன்மம் கூறுகிறது. எனவே கேட்போர் தேவியே; அவள் முன் பாடப்படும் பாட்டை ஊரார் விளங்கிக்கொள்ள வேண்டும் என்னும் தேவை எழவில்லை.

2. செய்யுளும் உரையும்

கூத்து, கோயிலின் முன்னுள்ள கூத்துமாடம் என்னும் நிலையான கட்டடத்தில் நிகழும். திரைக்குப் பின்னே 21 விளக்குகள் வரிசையாக எரியும். மான்தோலால் செய்த பாவைகளின் நிழல் திரையில் விழும். 7, 14, 21 என நாட்களின் எண்ணிக்கை கோயிலுக்குக் கோயில் வேறுபடும். இரவு முழுதும் நிகழ்த்துவோர் 'புலவர்' எனப்படுகின்றனர்; செய்யுட்களை மனப்பாடம் செய்வதோடு அவற்றுக்குப் பொருள் கூறும் திறமும் இப்பட்டத்திற்கு அடிப்படையாகும்.

மொழியியல் நோக்கில் இங்கு இரு அடுக்குகள் உள்ளன. செய்யுள் நிலைபெற்றது, அதைத் தொடரும் உரை நெகிழ்வானது. உரையில் தமிழும் மலையாளமும் கலந்து வரும். இலக்கண விளக்கம், கிளைக்கதை, தருக்கம் ஆகியன சேரும். ஒரு செய்யுளுக்கான உரை நெடுநேரம் நீள்வதுண்டு. ஆகவே இவ்வுரையை நிகழ்த்துதலின்போதே நடைபெறும் மொழிபெயர்ப்பு எனலாம்.

மரபு கம்பனுக்கு முற்றிலும் கட்டுப்பட்டதும் அன்று. கம்பனில் இடம்பெறாத, சூர்ப்பணகையின் மகன் சம்புகுமாரனின் மரணம் கூத்தில் இடம்பெறுகிறது. கேட்போர் எவரும் இல்லாமலே பல இரவுகள் கூத்து நிகழ்வதையும், அந்நிலையில் புலவர்கள் தமக்குள்ளேயே உரையாடி உரையை வளர்ப்பதையும் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1996-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார்.

3. மாடத்திலிருந்து மேடைக்கு

ஷொறணூரை அடுத்த கூனத்தறையைச் சேர்ந்த கிருஷ்ணன்குட்டிப் புலவர் (1925–2000) இக்கலையைக் கோயிலுக்கு வெளியே கொணர்ந்த முன்னோடி. அவர் வழியில் இக்கலை வெளிநாடுகளுக்கும் சென்றது. அவர் மகன் இராமச்சந்திரப் புலவருக்கு 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காந்தியடிகள் வரலாறு போன்ற புதிய பொருள்களும் நிழற்கூத்தாயின. கோயில் வட்டத்திற்கு அப்பாலும் பார்வையாளரைப் பெற்றமையே இக்கலையின் வளர்ச்சியாகும்.

ஆயினும் பல இரவுகளுக்குரிய கதை ஒரு மணி நேர அளவிற்குச் சுருங்கும்போது நிழலும் போர்க்காட்சியும் எஞ்சுகின்றன, உரை குறைகிறது. பொருள் விளங்காத மொழியிலும் செய்யுளை இசையாகக் கேட்கலாம். உரையை அவ்வாறு கேட்க இயலாது.

4. முடிவுரை

மேடை இக்கலைக்கு வாழ்வளித்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் மேடையில் வாழ்வது இக்கலையின் ஒரு பகுதியே. கம்பன் செய்யுள் அச்சில் உள்ளது, அது மறையப்போவதில்லை. புலவர்தம் உரையோ பெரும்பாலும் நினைவிலும் நாவிலும் நிற்பது. எனவே இருமொழிப் புலமையுடையோர் முதற்கண் செய்ய வேண்டிய பணி, கூத்துமாடங்களில் நிகழும் முழு இரவுக் கூத்தை உரையோடு ஒலிப்பதிவு செய்து, தமிழும் மலையாளமும் கலந்த அதன் வடிவம் சிதையாமல் எழுத்தில் பெயர்ப்பதாகும். திருத்தமான ஒரே மொழியாக அதை மாற்றி எழுதினால், இம்மரபு காத்துவந்த மொழிபெயர்ப்பு முறையே பதிவிலிருந்து நீங்கிவிடும்.