விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டம்

குற்றம் புரிந்து தண்டனை அனுபவித்து முடித்த ஒருவர் அரச பல்கலைக்கழகத்தில் கல்வி கற்கலாமா? அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் சட்டம் இதற்குத் தடை விதிக்கவில்லை. ஆனால், 64 வளாகங்களைக் கொண்ட நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் 1998ஆம் ஆண்டில் தனது விண்ணப்பப் படிவத்தில் புதிய வினா ஒன்றைச் சேர்த்தது. பாரதூரமான குற்றத்துக்காக முன்னர் தண்டிக்கப்பட்டதுண்டா என்பதே அவ்வினா. ஆம், இல்லை என இரண்டு சிறு கட்டங்கள்.

'ஆம்' என்பவரின் விண்ணப்பம் விசேட குழுவொன்றிடம் சென்றது. குற்றப் பதிவுகள், சிறை அதிகாரியின் கடிதம், நன்னடத்தை அலுவலரின் கடிதம் என ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்பட்டன. சில வளாகங்கள் கோரிய ஆவணங்களைப் பெறுவதே இயலாத காரியமாக இருந்தது.

இதன் விளைவை நீதிச் சீர்திருத்த அமைப்பொன்று 2015இல் ஆராய்ந்து வெளியிட்டது. 'ஆம்' என்றோரில் 62.5 வீதமானோர் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்யாமலே கைவிட்டிருந்தனர். பொதுவாக விண்ணப்பதாரிகளிடையே இது 21 வீதம் மாத்திரமே. குழு நிராகரித்த ஒவ்வொருவருக்கும் ஈடாகப் பதினைந்து பேர் பாதிவழியில் விலகியிருந்தனர். நிராகரிப்புக் கடிதம் எதுவும் கிடைக்காத இவர்கள் எங்கே சென்று மேன்முறையீடு செய்வது? எவரும் கதவைச் சாத்தியதாகப் பதிவே இல்லை. கறுப்பின மக்கள் தம் சனத்தொகை விகிதத்தை மிஞ்சிச் சிறைப்படும் நாட்டில் இந்த இழப்பு யாரை அதிகம் தாக்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மாணவர் பாதுகாப்பே வினாவுக்குக் கூறப்பட்ட நியாயம். பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பெற்றோரின் அச்சம் பொய்யானதன்று. ஆயினும், 2007இல் வேர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேரைச் சுட்டுக்கொன்ற மாணவன் முன்னர் எக்குற்றத்துக்காகவும் தண்டிக்கப்பட்டவனல்லன். அவனும் 'இல்லை' என்றே குறித்திருக்க முடியும்.

மாணவர் பேரவையும் வலியுறுத்தியதையடுத்து, 2016 செப்டெம்பரில் நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகம் அவ்வினாவை நீக்கத் தீர்மானித்தது. அனுமதி கிடைத்த பின்னர் விடுதி வசதி, வெளிநாட்டுக் கற்கை போன்றவற்றுக்காக மாத்திரம் கேட்கலாம் என்றது. அடுத்த ஆண்டு லூசியானா, அரச பல்கலைக்கழகங்கள் அனுமதியின்போது இவ்வாறு கேட்பதைச் சட்டத்தாலேயே தடுத்த முதல் மாநிலமாயிற்று. பாலியல் வன்முறை, பின்தொடர்ந்து துன்புறுத்தல் ஆகிய குற்றங்களுக்கு அங்கு விலக்குண்டு.

புலம்பெயர் தமிழ்ப் பெற்றோர் பலரும் அறிந்த 'கொமன் அப்ளிகேஷன்' என்னும் பொது விண்ணப்பம் 2006இல் சேர்த்த இவ்வினாவை 2019இல் பொதுப் பகுதியிலிருந்து அகற்றியது. விரும்பும் கல்லூரிகள் தத்தம் தனிப்பக்கத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தும் விட்டது.