கலிபோர்னியா: பொருளாதாரமும் வாழ்க்கைச் செலவும்

கலிபோர்னியா, மக்கள்தொகையிலும் பொருளாதார அளவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முதல் மாநிலம். 2020 கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை சுமார் 3.95 கோடி. இம்மாநிலத்துக்கு ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு பெயர்கள் உண்டு. பெரிய நாடுகளுக்குச் சமமாக நிற்கும் செல்வ பூமி என்பது ஒன்று. நடுத்தரக் குடும்பம் தாக்குப்பிடிக்க முடியாமல் பெட்டி கட்டிக்கொண்டு வெளியேறும் இடம் என்பது மற்றொன்று. இரண்டும் பொய்யல்ல. ஆனால் வீட்டுச் செலவைத் தனியே பிரித்தெடுத்து, யார் எந்த ஊரில் எந்த ஆண்டில் வீடு வாங்கினார்கள் என்று கேட்காதவரை இரண்டையும் எடைபோட முடியாது.

மொத்த உற்பத்தி

2024இல் மாநிலத்தின் மொத்த உற்பத்தி சுமார் 4.1 லட்சம் கோடி டாலர். ஜப்பானை முந்தி உலகின் நான்காவது பெரிய பொருளாதாரமாகிவிட்டோம் என்று 2025 ஏப்ரலில் ஆளுநர் கேவின் நியூசம் அறிவித்தார். கணக்கு சரிதான். ஆனால் அந்த முந்தலில் யென்னின் சரிவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு 105 யென்னுக்கும் குறைவாக இருந்த மாற்று விகிதம் 2024இல் 150ஐத் தாண்டியது. ஜப்பானின் ஆலைகள் அதே அளவு உற்பத்தி செய்தாலும் டாலரில் எழுதும்போது தொகை சுருங்கிவிடும். இத்தகைய தரவரிசை செய்தித்தாள் தலைப்புக்கு உதவும். மாநிலத்தின் உட்பகுதி நகரான ஃபிரெஸ்னோவில் வாடகை கட்டுகிறவருக்கு எதையும் சொல்லாது.

தரவரிசையை ஒதுக்கிவிட்டாலும் அடித்தளம் வலுவானது. ஆப்பிள், கூகுள், என்விடியா ஆகியவற்றின் தலைமையகங்கள் சான்டா கிளாரா மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் நாட்டின் கொள்கலன் இறக்குமதியில் பெரும் பங்கைக் கையாளுகின்றன. வேளாண் உற்பத்தி மதிப்பிலும் இதுவே முதல் மாநிலம்; உலகின் பாதாமில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இங்கே மத்தியப் பள்ளத்தாக்கில் விளைகிறது. அந்தப் பள்ளத்தாக்கின் கூலியும் கடற்கரை நகரங்களின் சம்பளமும் ஒரே சராசரிக்குள் அடைக்கப்படுவதால், சராசரி இரண்டு பக்கத்துக்கும் பொருந்துவதில்லை.

விலைவாசியைக் கழித்தால் எஞ்சுவது

மாநிலங்களுக்கிடையிலான விலை வேறுபாட்டை அமெரிக்கப் பொருளாதாரப் பகுப்பாய்வு அலுவலகம் ஆண்டுதோறும் கணக்கிடுகிறது. நாட்டுச் சராசரியை 100 என வைத்தால் 2023இல் கலிபோர்னியா ஏறத்தாழ 112.6, மாநிலங்களில் இதுவே உச்சம். சராசரி தனிநபர் வருமானம் அவ்வாண்டு 80,000 டாலரைத் தாண்டியிருந்தது. நாட்டுச் சராசரியோ 70,000ஐ ஒட்டி. பத்தாயிரம் டாலருக்கு மேற்பட்ட இந்த முன்னிலை, விலைவாசியைச் சரிக்கட்டியபின் சில ஆயிரங்களாகக் கரைந்துவிடுகிறது.

கரைப்பது மளிகைக் கடை அல்ல. பொருள்களின் விலை நாட்டுச் சராசரியைவிடச் சிறிதளவே கூடுதல். வாடகையோ ஒன்றரை மடங்குக்கும் மேல். ‘பே ஏரியா’ என்று அங்குள்ள தமிழர்கள் சொல்லும் சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வேலை கிடைத்தவர், சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்து மகிழ்வதைவிட, டல்லஸ் புறநகரான ஃபிரிஸ்கோவில் கிடைக்கும் சம்பளத்தோடும் அங்குள்ள வாடகையோடும் வைத்துப் பார்ப்பதே பயனுள்ள கணக்கு. 2018இல் மத்திய அரசின் வீட்டுவசதித் துறை, சான்பிரான்சிஸ்கோவில் ஆண்டுக்கு 1,17,400 டாலர் ஈட்டும் நால்வர் குடும்பத்தையும் ‘குறைந்த வருமானம்’ என்ற வகையில் சேர்த்தது.

வீடு

கலிபோர்னிய மனைவணிகர் சங்கத்தின் கணக்கில், தனிவீட்டின் இடைநிலை விலை 2024 ஏப்ரலில் முதன்முறையாக 9 லட்சம் டாலரைத் தாண்டியது. நாட்டளவில் அது 4 லட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. சான்டா கிளாரா மாவட்டத்தில் விலை 20 லட்சத்தை ஒட்டி நிற்க, ஃபிரெஸ்னோவில் மாநில விலையில் ஏறக்குறைய பாதிக்கு வீடு கிடைக்கிறது.

இந்த நிலைக்கு நிலத் தட்டுப்பாட்டைவிடச் சட்டங்களே பெரிய காரணம். லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் குடியிருப்பு நிலத்தில் நான்கில் மூன்று பங்கு நெடுங்காலம் தனிவீடுகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தது. 1970இல் ரொனால்டு ரீகன் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட கலிபோர்னிய சுற்றுச்சூழல் தரச் சட்டம், அணை, நெடுஞ்சாலை போன்றவற்றின் பாதிப்பை முன்கூட்டியே ஆராயச் சொன்னது. காலப்போக்கில், பக்கத்தில் அடுக்குமாடி வரக்கூடாது என்று நினைப்பவரும் வழக்குப் போட்டுத் தாமதப்படுத்தும் கருவியாக அது மாறியது. 2025 ஜூன் இறுதியில் நிறைவேறிய சட்டங்கள், நகரங்களுக்குள் கட்டப்படும் பெரும்பாலான வீட்டுத் திட்டங்களுக்கு அந்த ஆய்விலிருந்து விலக்கு அளித்தன.

மற்றொரு காரணம், 1978 ஜூன் 6 அன்று வாக்காளர்கள் ஏறத்தாழ 65 சதவீத ஆதரவோடு நிறைவேற்றிய முன்மொழிவு 13. ஹோவர்டு ஜார்விஸ், பால் கேன் இருவரும் முன்னின்று நடத்திய இயக்கம் அது. சொத்து வரியை மதிப்பீட்டில் 1 சதவீதத்துக்குள் அது கட்டுப்படுத்தியது. வீடு கைமாறும்வரை மதிப்பீடு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்றும் விதித்தது. ஒரே தெருவில் ஒரே அளவிலான இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். 1980இல் 1 லட்சம் டாலருக்கு வாங்கப்பட்ட வீட்டின் வரி மதிப்பு, ஆண்டுக்கு 2 சதவீதமாகவே ஏறினால், 2025இல் சுமார் 2,44,000 டாலர். அடிப்படை வரி 2,440 டாலர். பக்கத்து வீட்டை இப்போது 20 லட்சத்துக்கு வாங்கியவர் கட்டுவது 20,000 டாலர். அதே பள்ளிக்கூடம், அதே சாலை, அதே தீயணைப்பு வண்டி. இது சமத்துவத்துக்கு முரணானது என்ற வழக்கை 1992இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

முதியவர்கள் வரிச்சுமையால் வீட்டை இழக்காமல் காத்தது இதன் நற்பயன், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பழைய வரியை விட மனமில்லாமல் பெரிய வீட்டிலேயே தங்கிவிடுகிறவர்களால் சந்தைக்கு வரும் வீடுகள் குறைகின்றன. சொத்து வரி பெரிதாக வராது என்பதால் உள்ளாட்சிகளுக்கும் வீடுகளைவிட விற்பனை வரி தரும் கடைத்தொகுதிகளே இனிக்கின்றன. பெற்றோரின் குறைந்த வரி மதிப்பைப் பிள்ளைகள் அப்படியே பெற்று வாடகைக்கு விடும் வழக்கத்தை 2020இல் நிறைவேறிய முன்மொழிவு 19 கட்டுப்படுத்தியது. அந்த வீட்டில் பிள்ளை குடியிருந்தால்தான் இப்போது சலுகை.

வரி

‘அதிக வரி மாநிலம்’ என்ற பெயர் பாதி மட்டுமே பொருந்தும். வருமான வரியின் உச்ச விகிதம் 13.3 சதவீதம், இதில் 1 சதவீதம், பத்து லட்சம் டாலருக்கு மேற்பட்ட வருமானத்தின்மீது மனநலச் சேவைகளுக்காக விதிக்கப்படுவது. கீழ்த்தட்டில் இந்த வரி மிகக் குறைவு. மாநில வருமான வரியே இல்லாத டெக்சஸ், சொத்து வரியிலும் விற்பனை வரியிலும் அதை ஈடுகட்டிக்கொள்கிறது. அங்கே சொத்து வரியின் நடைமுறை விகிதம் கலிபோர்னியாவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. வருமானத்தில் எத்தனை பங்கு வரியாகப் போகிறது என்று பார்த்தால், டெக்சஸில் ஏழைகள் பணக்காரர்களைவிடக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். கோடீஸ்வரர் டெக்சஸுக்குக் குடிபெயர்வதில் லாபம் தெளிவு. பள்ளி ஆசிரியருக்கு வரியில் மிச்சமாவது சொற்பம், வீட்டு விலையில் மிச்சமாவதுதான் அதிகம்.

பணக்காரர்களையே நம்பியிருப்பதற்கு மாநிலக் கருவூலமும் விலை கொடுக்கிறது. பங்குச் சந்தை ஏறினால் வரவு பொங்குகிறது, இறங்கினால் வற்றுகிறது. 2022 மே மாதத்தில் 9,750 கோடி டாலர் உபரி என்றார் ஆளுநர். 2023 டிசம்பரில் சட்டமன்றத்தின் நிதி ஆய்வாளர் அலுவலகம் 6,800 கோடி டாலர் பற்றாக்குறையை எதிர்நோக்கியது.

பெட்ரோலும் மின்சாரமும்

பெட்ரோல் விலை பெரும்பாலும் நாட்டுச் சராசரியைவிட ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஒரு டாலருக்கு மேல் கூடுதலாக இருக்கிறது. சுமார் 60 சென்ட் மாநிலக் கலால் வரி, புகையைக் குறைக்கும் தனிக் கலவை, கரிம உமிழ்வுக் கட்டணம் ஆகியவை பெரும்பகுதியை விளக்கும். மீதியை விளக்க முடியவில்லை. 2015இல் டாரன்ஸ் சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிப்புக்குப் பிறகு தொடரும் இந்த எச்சத்தை, பெர்க்லி பொருளியலாளர் செவரின் போரன்ஸ்டைன் ‘மர்மக் கூடுதல் கட்டணம்’ என்ற பெயரில் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார்.

வீட்டு மின்சாரத்தின் யூனிட் விலை 2024இல் 30 சென்ட் அளவில், நாட்டுச் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. காட்டுத்தீத் தடுப்புச் செலவு இதற்கு ஒரு முக்கியக் காரணம். 2018இல் பாரடைஸ் என்ற ஊரை அழித்து 85 பேரைப் பலிகொண்ட தீ, மின்கம்பியிலிருந்து பற்றியது. அதற்குப் பொறுப்பான பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் 2019இல் திவால் பாதுகாப்பு கோரியது. யூனிட் விலை இரு மடங்கு என்பதால் மாதக் கட்டணமும் இரு மடங்கு என்று கொள்ளக்கூடாது. சான்பிரான்சிஸ்கோவில் ஏசி இல்லாத வீடுகள் ஏராளம். கோடையில் 40 டிகிரி செல்சியசைத் தொடும் பேக்கர்ஸ்ஃபீல்டில்தான் கட்டணம் கடிக்கிறது. அங்கே வருமானமும் குறைவு.

வறுமையும் வெளியேற்றமும்

அதிகாரபூர்வ வறுமைக் கோடு அமெரிக்கப் பெருநிலம் முழுவதற்கும் ஒன்றே. அதன்படி கலிபோர்னியா நாட்டுச் சராசரியை ஒட்டியே நிற்கிறது. வாடகையையும் அரசு உதவிகளையும் சேர்த்து 2011 முதல் வெளியாகும் துணை வறுமை அளவீட்டில் ஆண்டுதோறும் முதல் வரிசைக்கு வந்துவிடுகிறது. 2025இல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர், மத்திய அரசின் 7.25ஐப்போல் இரு மடங்குக்கு மேல். ஆனால் அந்தக் கூடுதலை வீட்டு உரிமையாளர் வாங்கிக்கொள்கிறார். 2024இல் ஒரே இரவில் எடுத்த கணக்கில் மாநிலத்தில் 1,87,000 பேர் வீடற்றிருந்தனர். நாட்டின் மொத்தத்தில் இது ஏறக்குறைய கால்பங்கு.

பிற மாநிலங்களுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து வருகிறவர்களைவிட அதிகமாக இருப்பது கோவிட் காலத்தில் தொடங்கியதல்ல. 2000த்துக்கும் முன்பிருந்தே பெரும்பாலும் இதுதான் நிலை. பிறப்பும் வெளிநாட்டுக் குடியேற்றமும் அந்த இழப்பை மறைத்துவந்தன. கோவிட் காலத்தில் அவையிரண்டும் குறைந்தபோது மக்கள்தொகையே சரிந்தது. அதற்கு முன்பே வளர்ச்சி மந்தமானதால், 2020 கணக்கெடுப்பின் அடிப்படையில், 1850இல் மாநிலமானபின் முதன்முறையாக நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடம் குறைந்து 52 ஆனது. 2023இல் மக்கள்தொகை மீண்டும் ஏறத் தொடங்கியது. ஆரக்கிள் 2020இலும் டெஸ்லா 2021இலும் தலைமையகத்தை டெக்சஸுக்கு மாற்றின. செவ்ரான் 2024இல் அதே முடிவை அறிவித்தது. எனினும் அமெரிக்கத் துணிகர முதலீட்டில் பாதி அளவு இன்னும் கலிபோர்னிய நிறுவனங்களுக்கே போகிறது. நிறுவனங்களின் இடமாற்றத்தைவிட, குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்கள் வாடகை தாளாமல் நெவாடாவுக்கும் அரிசோனாவுக்கும் டெக்சஸுக்கும் போவதே இம்மாநிலத்தின் பெரிய இழப்பு.

காப்பீட்டுச் சிக்கல் இப்போது இதோடு சேர்ந்திருக்கிறது. 2023 மே மாதம் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிய வீட்டுக் காப்பீடுகளை நிறுத்தியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தின் பாலிசேட்ஸ், ஆல்டடீனா பகுதிகள் காட்டுத்தீயில் எரிந்தன. வேறு எங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கென உள்ள ‘ஃபேர் பிளான்’ திட்டத்தில் சேருவோர் எண்ணிக்கை வேகமாக ஏறிவருகிறது. காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கி கடன் தருவதில்லை என்பதால், கடற்கரை விலைக்கு அஞ்சி மலையடிவாரத்தில் மலிவாக வீடு தேடியவர்களுக்கும் இப்போது செலவு ஏறுகிறது.