சாபமும் கணக்கேடும்

பாஸ்டன் நகரத்துப் பேஸ்பால் ரசிகர்களிடையே தலைமுறைகளாக ஒரு கதை வழங்கி வந்தது. அவ்வூர் அணியான ரெட் சாக்ஸின் உரிமையாளர் ஹாரி ஃபிரேஸீ ஒரு நாடகத் தயாரிப்பாளர். ‘நோ, நோ, நானெட்’ என்னும் இசை நாடகத்திற்குப் பணம் வேண்டி, பேப் ரூத் என்னும் ஈடிணையற்ற வீரரை நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு அவர் விற்றார். அந்தப் பாவத்தால் அணியைச் சாபம் பிடித்தது என்பது கதை. 1918இல் வாகையர் பட்டம் வென்ற ரெட் சாக்ஸ், மறுமுறை வெல்ல 2004 வரை 86 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்ததால் கதைக்குச் சான்றும் வாய்த்தது.

ஆயினும் காலக்கணக்கு இடிக்கிறது. ரூத் விற்கப்பட்டது 1919 டிசம்பர் இறுதியில். அந்த இசை நாடகம் பிராட்வேயில் மேடையேறியது 1925இல். இடையே 1923இலேயே ஃபிரேஸீ தம் அணியை விற்றுவிட்டிருந்தார். இசை நாடகத்திற்கு மூலமான உரைநடை நாடகம் ஒன்றை அவர் 1919 டிசம்பரில் அரங்கேற்றியது உண்மைதான். எனினும் ஒரு நாடகத்திற்காக ஒரு வீரரை விற்றார் என்று சுருக்கிவிட்டால், நலிந்து கிடந்த ஓர் அணி எழுந்ததும் வாழ்ந்த ஓர் அணி சரிந்ததும் ஒரே நிகழ்வின் இரு பக்கங்கள் என்பது நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

யாங்கீஸ் என்ற பெயர் இன்று செல்வத்தின் மறுபெயராக இருக்கிறது. 1915இல் நிலைமை வேறு. 1903இல் நியூயார்க்குக்கு வந்த அவ்வணி பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட லீக்கில் முதலிடம் பெற்றதில்லை. சொந்த மைதானமும் கிடையாது. ஜயண்ட்ஸ் அணியின் போலோ கிரவுண்ட்ஸில் குடியிருந்தது. சூதாட்ட விடுதி நடத்தியவர் ஒருவரும் முன்னாள் காவல்துறைத் தலைவர் ஒருவரும் அதன் உரிமையாளர்கள். அவர்களிடமிருந்து பீர் ஆலை அதிபர் ஜேக்கப் ரூப்பர்ட்டும் பொறியாளர் டில்லிங்ஹாஸ்ட் ஹஸ்டனும் ஏறத்தாழ 4.6 லட்சம் டாலருக்கு அணியை வாங்கினர்.

புதிய உரிமையாளர்கள் பணத்தை வாரியிறைத்த உடனே வெற்றி வந்துவிடவில்லை. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பாப் ஷாக்கி, ஃபிராங்க் பேக்கர், டெட்ராயிட்டிலிருந்து வாலி பிப் என ஒவ்வொருவராக வாங்கினர். ஹஸ்டன் முதல் உலகப்போரில் பிரான்சில் இருந்தபோது, அவருடைய விருப்பத்துக்கு மாறாக, மில்லர் ஹக்கின்ஸை மேலாளராக ரூப்பர்ட் அமர்த்தினார். இருவருக்கும் இடையே இதனால் மூண்ட பகை, 1923இல் ஹஸ்டனின் பங்கை ரூப்பர்ட் வாங்கும்வரை தணியவில்லை. 1919இல் அணி எட்டிய இடம் மூன்றாவதே.

அப்போது பாஸ்டனில் என்ன நடந்தது? 1916இல் அணியை வாங்கிய ஃபிரேஸீ, விலையின் ஒரு பகுதியை முந்தைய உரிமையாளர் ஜோசஃப் லானினுக்குக் கடனாக வைத்திருந்தார். 1919 இறுதியில் அக்கடன் கழுத்தை நெரித்தது. மற்றொரு பக்கம் லீக்கின் தலைவர் பேன் ஜான்சனோடு பூசல். 1919 கோடையில் கார்ல் மேஸ் என்னும் பந்தெறிபவரை ஃபிரேஸீ யாங்கீஸுக்கு மாற்ற, ஜான்சன் தடுக்க, வழக்கு நீதிமன்றம் சென்றது. எட்டு அணிகளில் ஐந்து ஜான்சன் பக்கம் நின்றன. பாஸ்டன், நியூயார்க், சிகாகோ ஆகிய மூன்றும் எதிரணி. ஆகவே ஃபிரேஸீ விற்கவேண்டுமாயின் அவருக்கு இருந்த வாசல்கள் இரண்டே. 1920இல் சிகாகோ அணி சூதாட்ட ஊழலில் சிக்கிச் சிதைந்தபின் எஞ்சியது ஒன்று.

ரூத்தின் விலை ஒரு லட்சம் டாலர். அதோடு ஃபென்வே பார்க் மைதானத்தின் ஈட்டின்மேல் மூன்று லட்சம் டாலர் கடன் தரவும் ரூப்பர்ட் இசைந்தார். நாம் நின்று கவனிக்கவேண்டிய இடம் இது. வீரரை வாங்கியவரே விற்றவரின் மைதானத்தை அடகு பிடித்தவராகவும் ஆனார். இத்தனைக்கும் விற்பனை அறிவிக்கப்பட்ட அதே 1920 ஜனவரியில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்து ரூப்பர்ட்டின் ஆலைத் தொழிலையே முடக்கியது. நிலபுலன்களும் வைத்திருந்த அவரால் பொறுக்க முடிந்தது; கடனில் நின்ற ஃபிரேஸீயால் முடியவில்லை.

1920இல் ரூத் 54 ஹோம் ரன் அடித்தார். யாங்கீஸ் ஆட்டங்களைக் காண அவ்வாண்டு வந்தோர் 12 லட்சத்து 89 ஆயிரத்துக்கும் மேல். பத்து லட்சத்தைக் கடந்த முதல் அணி அதுவே. அவ்வாண்டு இறுதியில் ரெட் சாக்ஸ் மேலாளர் எட் பாரோவே யாங்கீஸின் நிர்வாகியாக வந்து சேர்ந்தார். பாஸ்டனில் யார் வளரக்கூடியவர் என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்? வெயிட் ஹாய்ட், வாலி ஷாங், எவரெட் ஸ்காட், ஜோ புஷ், சாம் ஜோன்ஸ், ஜோ டூகன், ஹெர்ப் பென்னாக் என வரிசையாக அங்கிருந்து வந்தனர். 1922 ஜூலையில் டூகன் வந்தபோது, ஒரே வெற்றி வித்தியாசத்தில் அவ்வாண்டு முதலிடத்தை இழந்த செயின்ட் லூயிஸில் சினம் மூண்டது. ஜூன் 15க்குப் பிறகான கைமாற்றங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது அதன் விளைவே.

1923இல் யாங்கீஸ் தனக்கென எழுப்பிய மைதானத்தில் முதல் வாகையர் பட்டத்தை வென்றது. பேஸ்பாலில் ஒவ்வொரு வெற்றியும் ஒரு பந்தெறிபவர் பெயரில் வரவு வைக்கப்படும். அவ்வாண்டின் 98 வெற்றிகளில் ஷாக்கியின் பெயரில் உள்ளவை 16. மீதி 82உம் பாஸ்டனிலிருந்து வந்தவர்களின் கணக்கில் இருக்கின்றன. ரூத் ஒருவரைக் கொண்டு இந்த எழுச்சியை விளக்க முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மறுபுறம் ரெட் சாக்ஸ், 1922 முதல் 1932 வரையிலான பதினோரு ஆண்டுகளில் ஒன்பது முறை கடைசி இடத்தில் நின்றது.

இவ்வளவு கைமாற்றங்களிலும் கைமாறியவர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்திலிருந்த ‘ஒதுக்கீட்டு விதி’ வீரரை உரிமையாளரின் உடைமைபோல் கட்டிவைத்திருந்தது. 1922இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. அவ்விதியின் பிடி தளர 1975 டிசம்பரின் நடுவர் தீர்ப்பு வரை பொறுக்கவேண்டியிருந்தது.

1923இலேயே யாங்கீஸ் வேறொரு வழியையும் தொடங்கியிருந்தது. பாரோவின் ஆளான பால் கிரிச்செல், கொலம்பியா பல்கலைக்கழக மாணவர் லூ கெரிக்கைக் கண்டெடுத்தார். வாங்கிக் குவித்த அணி, வளர்த்தெடுக்கவும் கற்றது. அடுத்த தலைமுறை வெற்றிகள் அந்த வழியில் வந்தவை. அணியைச் சீரமைத்தல் என்ற சொல்லை விளையாட்டுப் பக்கங்களில் படிக்கும்போதெல்லாம், எந்த அணியின் செலவில், யாருடைய கடன் பத்திரத்தின்மேல் அது நடந்தது என்று நாம் கேட்டுப் பார்க்கலாம். சாபம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது.