திருப்பதி பாதயாத்திரை: சாலைப் பாதுகாப்பு

சித்தூர், திருப்பதி மாவட்டச் சாலைகளில் நடந்து செல்லும் பக்தர்களை வாகன விபத்திலிருந்து காக்க யாத்திரைக் குழுக்களும் அரசு, கோயில் நிர்வாகங்களும் மேற்கொள்ளும் ஏற்பாடுகள்.

புரட்டாசியில் தமிழகத்திலிருந்து வருவோர் கூட்டம் பெருகும். வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே நடப்பதால், லாரி ஓட்டுநரின் கண்ணுக்கு அவர்கள் எளிதில் தென்படுவதில்லை. முதன்மையான ஆபத்து இதுவே. முதுகுப்பையில் ஒளிரும் ஸ்டிக்கர், வரிசையின் முன்னும் பின்னும் டார்ச் பிடிக்கும் ஆள், எதிர்வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக நடப்பது ஆகியவை செலவு குறைந்த, பயன்மிக்க காப்புகள். களைத்துப்போய்ச் சாலையோரம் படுத்துறங்குவதைக் குழுத்தலைவர்கள் அனுமதிக்கவே கூடாது.

அடிவாரத்திலிருந்து திருமலைக்கு ஏறும் அலிபிரி நடைபாதை சுமார் 3,550 படிகள் கொண்டது. அதன் மேற்பகுதியில், முழங்கால் முறிச்சான் எனும் செங்குத்தான படிப்பகுதிக்கு முன், சிறிது தூரம் மலைச்சாலையை ஒட்டியே நடக்க வேண்டும். மலைச்சாலைகள் 1944, 1974 ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டவை. வேகத்தைக் கட்டுப்படுத்த, வண்டிகள் மலையேற 28 நிமிடமும் இறங்க 40 நிமிடமும் குறைந்தபட்ச நேரமாக வகுக்கப்பட்டன.



அடிபட்டவரைக் கண்டால் தயங்காமல் 108ஐ அழையுங்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, உதவுபவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.