ஆதி குணசேகரனும் விடுதலைப் பத்திரமும்: தேனி வட்டாரத் தந்தை உருவின் திரை வரலாறு

சன் தொலைக்காட்சியில் 2022 பிப்ரவரி முதல் 2024 ஜூன் வரை ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ தொடரின் மையப் பாத்திரம் ஆதி குணசேகரன். மூத்த மகன் என்ற நிலையில் தம்பியருக்கும் தங்கைக்கும் தந்தையின் இடத்திலும், தம் பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் நின்று ஒரு கூட்டுக்குடும்பத்தை ஆள்பவர். படித்த பெண்களையே தேடி மருமகள்களாகக் கொண்டுவருவதும், வந்தபின் அவர்களை அடுக்களைக்குள் அடைத்துவைப்பதும் அவருடைய குடும்ப நெறி. ‘கோலங்கள்’ (2003–2009) தொடரை உருவாக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார்.

அடக்கியாளும் தந்தை தமிழ்த் தொடர்களுக்குப் புதியவர் அல்லர். குணசேகரன் எதற்கு அஞ்சுகிறார் என்பதில்தான் அவருடைய தனித்தன்மை உள்ளது. குடும்பச் சொத்தில் 40 விழுக்காடு அப்பத்தா பட்டம்மாளின் பெயரில் இருக்கிறது. வீட்டிலுள்ள எல்லாரையும் அதட்டுகிற மனிதர் அந்த மூதாட்டியின் ஒப்புதலுக்காக மட்டும் குரலைத் தாழ்த்துகிறார், நடிக்கிறார், சூழ்ச்சி செய்கிறார். அதிகாரத்தின் வேர் குரலில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது என்பதை இத்தொடர் அளவுக்கு வெளிப்படையாகக் காட்டிய குடும்பத் தொடர்கள் குறைவு.

இதற்குப் பின்னால் ஒரு சட்ட வரலாறு உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திய தமிழ்நாட்டுச் சட்டம் (1/1990), 25.03.1989 முதல் மகளுக்குப் பூர்வீகக் கூட்டுச் சொத்தில் மகனுக்கு நிகரான பிறப்புரிமை வழங்கியது. அந்நாளுக்கு முன் மணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. 09.09.2005 அன்று நடைமுறைக்கு வந்த நடுவண் திருத்தம் மணமான, மணமாகாத என்ற வேறுபாட்டை நீக்கியது. அந்நாளில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 11.08.2020 அன்று வினீத்தா சர்மா வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்வாறு 31 ஆண்டுகளில் மகளின் பங்கு சட்டத்தில் ஐயத்திற்கு இடமின்றி உறுதியானது. வழக்கத்திலோ அதனைக் கரைக்க ஓர் எளிய கருவி இருந்தது. அதன் பெயர் விடுதலைப் பத்திரம். உடன்பிறந்தாள் தன் பங்கை உடன்பிறந்தானுக்கு விட்டுக்கொடுத்துச் சார்பதிவாளர் முன் கையெழுத்தும் விரல் ரேகையும் இடுகிறாள். யாருடைய விடுதலை என்பதை அப்பெயர் சொல்வதில்லை. பெரும்பாலும் அங்கே அதட்டல் தேவைப்படுவதுமில்லை. பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபடும், பிள்ளைகளின் காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் சீர் வராது என்ற அச்சமே போதும்.

சீரின் கனம் தேனி வட்டாரத்தில் நன்கு உணரப்பட்ட ஒன்று. முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டு நீர் கிழக்கே திரும்பியபின், கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் நிலமாக நிலைபெற்றது. இரண்டு போகம் விளையும் வயலைப் பங்கிடுவது மானாவாரிக் காட்டைப் பங்கிடுவது போன்றதன்று. நிலம் ஆண்வழியில் தங்க, பெண்ணுக்குரியது நகையாகவும் சீராகவும் வெளியேறுவது இங்கு நெடுநாள் ஏற்பாடு. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா அந்த ஏற்பாட்டின் உணர்ச்சி முகத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். 1993இல் வெளிவந்த ‘கிழக்குச் சீமையிலே’ அண்ணன் தங்கைப் பாசத்தின் காவியமாகக் கொண்டாடப்படுவது. முதல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்து நான்காண்டு கழித்து வந்த அப்படத்தின் நெஞ்சில் இருப்பது சீரேயன்றிப் பங்கு அன்று. அடுத்த ஆண்டு அவரே எடுத்த ‘கருத்தம்மா’வில் பெரியார்தாசன் ஏற்ற தந்தை மொக்கையன், பிறந்த பெண் சிசுவைக் கொல்லக் கொடுக்கிறான். அவன் ஏழை. மகளைச் செலவாகக் கணக்கிடுகிறான். குணசேகரன் செல்வர். அவர் கணக்கில் பெண் சிதறக்கூடிய சொத்து. இரு தந்தையரின் கையிலும் இருப்பது ஒரே பேரேடுதான்.

குணசேகரனாக நடித்த ஜி. மாரிமுத்துவும் இம்மண்ணைச் சேர்ந்தவர். அவருடைய ஊர் வருசநாட்டுப் பகுதியிலுள்ள பசுமலைத்தேரி. வருசநாடு கம்பம் பள்ளத்தாக்கை அடுத்து, வைகை பிறக்கும் மலைகளின் அடிவாரத்தில் இருப்பது. தொடரின் கதைக்களம் மதுரை என்றாலும் தேனி 1996 வரை மதுரை மாவட்டத்திற்குள்ளேயே இருந்ததால், நடிகரின் வட்டாரப் பேச்சு அக்களத்தில் அந்நியமாக ஒலிக்கவில்லை. உதவி இயக்குநராகத் தொடங்கி ‘கண்ணும் கண்ணும்’ (2008), ‘புலிவால்’ (2014) படங்களை இயக்கிய அவருக்குப் பெரும்புகழ் தந்தது இப்பாத்திரமே. “இந்தாம்மா, ஏய்!” என்ற விளி தமிழகமெங்கும் வேடிக்கைத் தொடராயிற்று.

இங்கேதான் தொடர் தன் நோக்கத்திற்கு எதிராகவே வேலை செய்தது எனலாம். பெண்கள் எழுந்து நிற்பதைச் சொல்ல வந்த கதையில், அவர்களை ஒடுக்கும் குரலே அதிகம் விரும்பப்பட்டது. அதட்டலில் நகைச்சுவை கலந்தபோது அச்சம் விலகிற்று. இதே நடிகர் நான்காண்டுகளுக்கு முன், 2018இல், மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நாயகி ஜோதியின் தந்தையாக நடித்ததை இதனுடன் ஒப்பிட வேண்டும். அத்தந்தை கத்துவதில்லை. திருமண மண்டபத்தில் மகளின் தோழனைத் தனி அறைக்கு அழைத்துத் தணிந்த குரலில் பேசுகிறார். அடிப்பது உறவினர்கள். அவர் மகள்மீது கொண்ட பாசம் பொய்யன்று, அதனாலேயே அக்காட்சி தாங்க முடியாததாகிறது. சார்பதிவாளர் அலுவலகத்திற்கு மகளை அழைத்துச் செல்லும் தந்தையின் குரலுக்கு நெருக்கமானது இதுவே. குணசேகரனைப் பார்த்துச் சிரிக்கும் குடும்பம், அவரைப் போன்றவர் தம் வீட்டில் இல்லையென்று ஆறுதல் கொள்ளலாம். ஜோதியின் தந்தையைப் பார்த்தபின் அந்த ஆறுதல் எளிதன்று.

08.09.2023 அன்று சென்னையில் இத்தொடருக்கான பின்னணிக் குரல் பதிவின்போது மாரிமுத்து மாரடைப்புக்கு ஆளாகி இறந்தார். உடல் பசுமலைத்தேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. பின்னர் எழுத்தாளரும் நடிகருமான வேல ராமமூர்த்தி அப்பாத்திரத்தை ஏற்றார். இராமநாதபுரத்துப் பெருநாழியைச் சேர்ந்த அவருடைய பேச்சில் வேறொரு வட்டாரத்தின் கடுமை இருந்தது. வேடிக்கை குறைந்து மிரட்டல் மிகுந்தது. 2024 டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்ற பெயரில் இரண்டாம் பாகம் தொடங்கியபோதும் குணசேகரன் அதே வீட்டின் தலைவராகவே திரும்பி வந்தார்.