கல்வராயன் மலையும் கடன் அடிமையும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக நீண்டு கிடக்கும் கல்வராயன் மலையில், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர் என்னும் ஐதிகத்தைப் போற்றிவரும் மலையாளிப் பழங்குடி மக்கள், சாமையும் தினையும் கேழ்வரகும் பயிரிட்டுத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறார்கள். கிருஷ்ணதேவராயர் காலத்தில் இம்மலை மானியமாக அளிக்கப்பட்டது என்பது கர்ணபரம்பரை; சரித்திரத்தில் தெளிவாகத் தெரிவது, சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்னும் பெயர்களால் வழங்கிய ஜாகீர்கள் இங்கே வேரூன்றியிருந்தன என்பதும், வெள்ளையர் ஆட்சி அவற்றைக் கலைக்காமல் விட்டுவைத்தது என்பதுமேயாம்.

ஜமீன்களை ஒழித்த 1948-ஆம் ஆண்டுச் சட்டம் சமவெளியில் பல பாளையங்களின் அதிகாரத்தைத் துடைத்தெறிந்த பின்னரும், மலைமேல் பழைய முறையே நீடித்தது. ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியின்றி உழைப்பது குடிகளின் கடமை என்று கருதப்பட்ட அம்முறை, சுதந்திரம் வந்து ஏறக்குறைய 29 ஆண்டுகள் கழிந்து, 1976-இல் அரசு ஜாகீர்களைத் தன்வசம் எடுத்துக்கொண்டபோதுதான் முடிவுற்றது.

மலைக்குக் கீழே அடிமைத்தனம் இதற்கு முன்பே சட்டப்படி இறந்திருந்தது. 1843-ஆம் ஆண்டின் சட்டம் அடிமையின்மேல் எஜமானனுக்கிருந்த பாத்தியதையை நியாயஸ்தலங்கள் ஏற்கலாகாது என்றது. 1860-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் மனிதரை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கியது. ஆயினும் தென்னாற்காட்டுப் பண்ணையாள், கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய கடனுக்காகத் தானும் தன் மக்களும் பண்ணையைவிட்டு அகலமுடியாதவனாகவே இருந்தான். அன்றியும், 1859-ஆம் ஆண்டின் வேலை ஒப்பந்த மீறல் சட்டம், முன்பணம் வாங்கிக்கொண்டு வேலைக்கு வராத தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப வழிவகுத்தது. தென்னாட்டுக் காப்பித் தோட்ட முதலாளிகளுக்கு நல்ல ஆயுதமாகப் பயன்பட்ட அச்சட்டம் 1925-இல்தான் ரத்து செய்யப்பட்டது. சங்கிலியை அறுத்த அதே அரசு, கடன் என்னும் கயிற்றைத் தன் கையாலேயே முறுக்கிக் கொடுத்தது.

இந்தத் தலைகீழ் நியாயத்தை நேராக்கியது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம். கொத்தடிமைக்குக் காரணமான கடன் அத்தனையும் அதனால் மாண்டது. கொத்தடிமையாக வைத்து வேலை வாங்குவோருக்கு மூன்றாண்டுச் சிறையும் 2000 ரூபாய் அபராதமும் விதிக்க இடம் ஏற்பட்டது. மாவட்டந்தோறும், கோட்டந்தோறும் கண்காணிப்புக் குழுக்கள் அமையவேண்டும் என்றாயிற்று. எல்லாவற்றிலும் மேலாக, ஒருவன் இது கொத்தடிமைக் கடன் என்று சொன்னால், அன்று என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவனையே சாரும் என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. ஜாகீரின் முடிவும் இச்சட்டத்தின் பிறப்பும் ஒரே ஆண்டில் நேர்ந்தும், மலைவாசியின் விடுதலை அந்த ஆண்டோடு நிறைவேறிவிடவில்லை.

காரணம் நிலத்தில் இருந்தது. ஜாகீர் நிலம் முறையாக அளக்கப்படாததால் உழுதவனிடம் பட்டா இல்லை. பட்டா இல்லாதவனுக்கு வங்கிக் கடனும் எளிதில் கிட்டாது. ஆகவே மழை பொய்த்த ஆண்டிலும், வீட்டில் விசேஷமோ வியாதியோ வந்தபோதும், முன்பணத்தோடு மலையேறி வந்த மேஸ்திரியே அவனுக்குக் கதியானான். கரும்பு வெட்டவும், செங்கல் சூளையில் கல் அறுக்கவும், மரம் வெட்டவும், கேரளத்திலும் குடகிலும் தோட்ட வேலை செய்யவும் குடும்பங்கள் இறங்கின. அவ்வாறு சென்ற எல்லோரும் கொத்தடிமைகள் அல்லர். ஆனால் கணக்கை மேஸ்திரியே எழுதி, கடன் தீரும்வரை போகலாகாது என்று தடுக்கும் இடத்தில், பழைய ஜாகீர் வேறு பெயரில் திரும்பிவிடுகிறது.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய வியாதியன்று. போலந்திலிருந்து ஆசைகாட்டி வரவழைக்கப்பட்ட நானூறுக்கும் மேற்பட்ட ஏழைகளைக் குப்பை பிரிக்கும் கூடங்களிலும் பண்ணைகளிலும் வேலைக்கு விட்டுக் கூலியைப் பறித்த கும்பல் ஒன்று, 2019-இல் இங்கிலாந்தில் தண்டிக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டே அங்கே இயற்றப்பட்டிருந்த நவீன அடிமைத்தன எதிர்ப்புச் சட்டம், 3.6 கோடி பவுனும் அதற்கு மேலும் வருடாந்திர வரவுள்ள நிறுவனங்கள், தமக்குச் சரக்கும் ஆளும் வரும் வழியில் அடிமைத்தனம் நேராதிருக்கச் செய்தது என்ன என்று அறிக்கை வெளியிடவேண்டும் என்கிறது. எனினும், ஒன்றும் செய்யவில்லை என்று எழுதிவிட்டாலும் சட்டம் திருப்தியடைந்துவிடும்!

நம் உச்ச நீதிமன்றமோ இவ்விஷயத்தில் முன்பே வெகுதூரம் சென்றிருந்தது. ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக டில்லியில் நடந்த கட்டட வேலைகளைப் பற்றிய 1982-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதும் அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே என்றும், ஒப்பந்தக்காரனைக் காட்டி அரசு தப்பித்துக்கொள்ள முடியாது என்றும் நீதிபதி பகவதி உரைத்தார்.

2024-இல் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபின், சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவர்களுக்குச் சாலையும் பள்ளியும் போலவே பட்டாவும் வேண்டும். அது கையிலிருந்தால் மேஸ்திரியின் முன்பணத்தை மறுக்கும் திராணி உண்டாகும். மலைக்குக் கீழேயோ, எவருடைய லாபத்துக்காக வேலை நடக்கிறதோ அவரே, இடையில் எத்தனை கைகள் மாறியிருந்தாலும், முன்பணம் எவ்வளவு, கூலி எவர் கையில் சேர்ந்தது என்று மெய்ப்பித்தாக வேண்டும். கடன் கொடுத்தவன்மேல் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றிய பொறுப்பு மேஸ்திரியோடு நின்றுவிடாமல், அவனை ஏவிய முதலாளி வரையில் ஏறிச் செல்வதே நீதி.